பயிற்சி இல்லாத பெற்றோரால் பிள்ளையை வீட்டிலேயே நன்றாகப் படிக்க வைக்க முடியுமா?

கேள்வி: இரு பிள்ளைகளின் தாய்

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு ஏழு வயதில் ஒரு மகளும் நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, நானும் என் கணவரும் வீட்டிலேயே அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாமா என்று ஓராண்டாக யோசித்து வருகிறோம். பள்ளியின் மீது எங்களுக்குக் கோபம் எதுவும் இல்லை. அவளுடைய ஆசிரியை அன்பானவர். பிள்ளைகளைக் கடிந்து பேசாதவர். எங்களை யோசிக்க வைத்தது அவளுடைய நோட்டுப் புத்தகம் ஒன்றுதான். கரும்பலகையில் எழுதிப்போட்டதையெல்லாம் அவள் முத்து முத்தாகப் பார்த்து எழுதியிருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'சரி' போடப்பட்டிருந்தது. ஒரு நாள் மாலை, அவளே எழுதிய மூன்றாவது வரியைக் காட்டி, 'இதைப் படி, கண்ணு' என்றேன். அவளால் படிக்க முடியவில்லை. எழுத்துகளைப் படம் வரைவதுபோல் வரைந்திருக்கிறாளே தவிர, வாசித்து எழுதவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே இதைக் கண்டுபிடிக்க அந்த ஆசிரியைக்கு நேரம் எங்கே இருக்கும் என்று எண்ணும்போது அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் தயக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் வணிகவியல் படித்தவள். கணவர் இயந்திரவியல் படித்தவர். ஆசிரியர் பயிற்சி இருவருக்குமே கிடையாது. 'அரை மணி நேர வீட்டுப்பாடத்துக்கே நீ குரலை உயர்த்திவிடுகிறாய், நாள் முழுவதும் எப்படிச் சமாளிப்பாய்?' என்று கணவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பயிற்சி இல்லாத பெற்றோரால் ஒரு பிள்ளையை உண்மையிலேயே நன்றாகப் படிக்க வைக்க முடியுமா? முடியும் என்றால் எந்த வகுப்பு வரை? மற்றப் பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பை அவள் இழந்துவிடுவாளா? இதைச் செய்து பார்த்தவர்களும், யோசித்துவிட்டு வேண்டாம் என்று விட்டவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: ஒன்பது ஆண்டுகள் வீட்டில் கற்பித்த தாய்

வணக்கம் சகோதரி. என் மகனுக்கும் மகளுக்கும் ஒன்பது ஆண்டுகள் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தேன். இருவரும் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள். முடியும் என்பதே என் பதில். ஆனால் எது எளிதாக இருக்கும், எது கடினமாக இருக்கும் என்று தொடங்கும்போது நான் நினைத்திருந்தது ஏறக்குறைய முழுவதும் தலைகீழாகிப் போனது.

என் பாட அறிவு போதாது என்றுதான் முதலில் பயந்தேன். தொடக்க வகுப்புகளில் அது ஒரு தடையாகவே இருக்கவில்லை. மகனுக்கு எட்டு வயதிருக்கும்போது, 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னேன். 35 என்று எழுதினான். 61இலிருந்து 38 போனால் 37 என்றான். கடன் வாங்கிக் கழிக்கும் முறையை மூன்று நாள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தும் அதே தவறு வந்துகொண்டே இருந்தது. நான்காம் நாள்தான், 'நீ எப்படிச் செய்தாய் என்று எனக்குச் சொல்லிக்கொடு' என்று கேட்கத் தோன்றியது. 'பெரிய எண்ணிலிருந்துதானே சின்ன எண்ணைக் கழிக்க முடியும், அம்மா? அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்தேன்' என்றான். அவன் கவனக்குறைவாகச் செய்யவில்லை. முந்தைய ஆண்டு நானே சொல்லிக்கொடுத்த ஒரு விதியை, அது பொருந்தாத இடத்திலும் நம்பிக் கடைப்பிடித்திருக்கிறான். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை அவன் கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்த்து ஒன்றுகளோடு சேர்க்க வைத்ததும், பத்து நிமிடத்தில் அந்தத் தவறு அவனை விட்டுப் போயிற்று. வீட்டில் கற்பிப்பதால் வரும் நன்மை எது என்று யார் கேட்டாலும், பிள்ளையின் தவறுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைக் கேட்டு அறியும் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் சொல்வேன். ஒரு வகுப்பில் நாற்பது பேரிடம் அப்படிக் கேட்க எவ்வளவு நல்ல ஆசிரியராலும் முடியாது.

நாள் முழுவதும் கற்பிக்க வேண்டியிருக்கும் என்ற அச்சமும் தேவையில்லை. பள்ளி நேரத்தில் கணிசமான பகுதி வருகைப் பதிவுக்கும், வரிசையில் நிற்பதற்கும், மற்றவர்கள் எழுதி முடிக்கும் வரை காத்திருப்பதற்கும் போய்விடுகிறது. ஏழு வயதில் இருபது இருபது நிமிடங்களாகப் பிரித்து இரண்டு மணி நேரமும், பன்னிரண்டு வயதில் நான்கு மணி நேரமும் எங்களுக்குப் போதுமானதாக இருந்தன. மற்ற நேரத்தில் அவர்கள் படித்தார்கள், விளையாடினார்கள், சில நாள் சும்மாவும் இருந்தார்கள்.

எனக்கு உண்மையில் கடினமாக இருந்தது உங்கள் கணவர் கேட்ட கேள்விதான். என் மகள் விடையைத் தாளில் தேடவில்லை. என் முகத்தில் தேடினாள். பென்சிலைத் தாளுக்கு மேலே நிறுத்திக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பாள். என் புருவம் சற்றே சுருங்கினால் எழுதியதை உடனே அழித்துவிடுவாள். சரியாக எழுதியிருந்ததையும் பலமுறை அழித்திருக்கிறாள். பிறர் பிள்ளையின் தவறைப் பார்க்கும்போது வராத பதற்றம், நம் பிள்ளையின் தவறைப் பார்த்தவுடன் தொண்டை வரை வந்துவிடுகிறது. அதை எவ்வளவு மறைத்தாலும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பின்னமும் இலக்கணமும் கற்பிக்க நான் எடுத்துக்கொண்ட உழைப்பைவிட, என் முகத்தைப் பழக்க எடுத்துக்கொண்ட உழைப்பே அதிகம்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்

அம்மா, முப்பத்தொரு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். எனக்கு முன்னால் எழுதிய சகோதரி சொன்ன கழித்தல் கணக்கை நானும் நூற்றுக்கணக்கான நோட்டுகளில் பார்த்திருக்கிறேன். நேரமின்மையால் பலமுறை வெறும் தவறுக் குறி மட்டும் போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குச் சென்றிருக்கிறேன். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

ஒருவருக்கு ஒருவராகக் கற்பிப்பதன் வலிமையை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் வெளியிட்ட கட்டுரையின்படி, தனியாகக் கற்பிக்கப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 விழுக்காட்டினரை முந்தியிருந்தார். பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வேறுபாடு தென்படவில்லை என்றாலும், தனிக் கவனம் பயன் தருகிறது என்பதில் ஐயமில்லை. இதைப் படித்துவிட்டுப் பல பெற்றோர் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு: புளூம் சொன்ன முறையில் மாணவரை அடிக்கடி சோதித்து, ஒரு பகுதியில் தேறிய பிறகே அடுத்த பகுதிக்கு அழைத்துச் சென்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மட்டுமே அந்த முன்னேற்றத்துக்குக் காரணம் அன்று. 2011இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்விலும் இதையே பார்க்கிறோம். 5 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளில், வீட்டில் படித்த 37 பேரையும் பள்ளியில் படித்த 37 பேரையும் அதில் ஒப்பிட்டார்கள். வீட்டில் ஒழுங்கான பாடத்திட்டத்தோடு கற்பிக்கப்பட்டவர்கள் பள்ளிப் பிள்ளைகளைவிட மேலாகச் செய்தார்கள். திட்டம் ஏதுமின்றி அவர்கள் போக்கில் விடப்பட்ட 12 பிள்ளைகளோ மற்ற இரு பிரிவினரைவிடவும் பின்தங்கியிருந்தார்கள். எண்ணிக்கை சிறியது; தாமாக முன்வந்த குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வு; எனவே இதை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். ஆனால் என் அனுபவம் இதற்கு மாறாக ஒருபோதும் இருந்ததில்லை.

என் கவலை வேறொன்று. வீட்டில் நடக்கும் தவறை வீட்டில் இருப்பவர்களால் பார்க்க முடிவதில்லை. மூன்று ஆண்டுகள் வீட்டில் படித்த ஒரு சிறுவன் நான்காம் வகுப்பில் என்னிடம் வந்து சேர்ந்தான். அறிவுக்கூர்மையுள்ள பிள்ளை; தன் வயதுக்கு மீறிய நூல்களைப் படிப்பவன். சொல்வதை எழுதச் சொன்னால் 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதுவான். 'வாள்' என்பதை 'வால்' என்று எழுதுவான். பெற்றோரை அழைத்துப் பேசியபோதுதான் புரிந்தது, அவர்கள் இருவர் பேச்சிலும் ளகரமும் லகரமும் ஒன்றாகவே ஒலித்தன. மூன்று ஆண்டுகளாக அந்த வீட்டில் மூவர் காதுக்கும் அது சரியாகவே கேட்டிருக்கிறது. இது சிறிய தவறு, ஓராண்டில் சரியாகிவிட்டது. ஆனால் பார்வைக் குறைபாடும், செவித்திறன் குறைபாடும், எழுத்துகளை இனங்காணும் இடர்ப்பாடும் இதே போலத்தான் வீட்டுக்குள் மறைந்து கிடக்கின்றன. ஒரே பிள்ளையைப் பார்த்த பெற்றோருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிள்ளை இல்லை. எனக்கோ ஆண்டுக்கு நாற்பது பேர் இருந்தார்கள். உங்கள் மகள் தான் எழுதியதையே வாசிக்கவில்லை என்றால், பள்ளியை விட்டு நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் முன் அவளுடைய கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். பிறகு எழுத்தின் பெயரை அன்றி ஒலியைச் சொல்ல வைத்து, ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்கப் பழக்குங்கள். இதை எந்தத் தாயாலும் செய்ய முடியும். இதற்காகப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டியதில்லை.

எந்த வகுப்பு வரை என்று கேட்டீர்கள். வகுப்பைவிட, எப்போது பிறரைத் துணைக்கு அழைப்பது என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன். 1907ஆம் ஆண்டில் பாரிஸில் மேரி கியூரி தம் மகள் ஐரீனை வழக்கமான பள்ளிக்கு அனுப்ப விரும்பவில்லை. நோபல் பரிசு பெற்ற அவரே கூட, எல்லாவற்றையும் தாமே கற்பிக்க முனையவில்லை. உடன் பணியாற்றிய பேராசிரியர்களோடு சேர்ந்து ஒரு கூட்டு ஏற்பாடு செய்தார். இயற்பியலை அவரும், கணிதத்தைப் பால் லாஞ்செவனும், வேதியியலை ஜான் பெரனும் கற்பிக்க, ஒரு சிற்பி களிமண்ணில் உருவம் வனையச் சொல்லிக்கொடுத்தார். பத்துப் பிள்ளைகள் அளவில் ஒன்றாகப் படித்தார்கள். அந்த ஏற்பாடு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே நீடித்தது. அதன்பின் ஐரீன் பள்ளிக்குத்தான் சென்றார். 1935இல் அவரும் தம் கணவரோடு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். அந்தப் பரிசுக்கு இந்த ஏற்பாடுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வளவு படித்த பெற்றோர் கூடத் தம் பிள்ளையைத் தம்மிடம் மட்டுமே வைத்துக்கொள்ளவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

மறுமொழி 3: வீட்டில் படித்து வளர்ந்தவர்

பெற்றோர் பக்கத்தை இருவர் சொல்லிவிட்டார்கள். நான் பிள்ளையின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பதினான்கு வயது வரை என் தந்தையிடமே படித்தேன். அவரிடமிருந்து கிடைத்த வாசிப்புப் பழக்கத்துக்கு வாழ்நாள் முழுவதும் கடன்பட்டிருக்கிறேன். எந்தக் கேள்வியைக் கேட்டாலும், 'அது உன் பாடத்தில் இல்லை' என்று அவர் ஒருமுறையும் சொன்னதில்லை. இருவரும் சேர்ந்து தேடுவோம்.

ஆனால் பதினான்கு வயதில் பள்ளியில் சேர்ந்து எழுதிய முதல் தேர்வை என்னால் மறக்க முடியவில்லை. ஏழு கேள்விகள், இரண்டரை மணி நேரம். முடிவு மணி அடித்தபோது நான் மூன்றாம் கேள்வியின் நடுவில் இருந்தேன். எனக்கு விடைகள் தெரியாமல் இல்லை. 'முடிந்தபோது முடியட்டும்' என்ற பழக்கத்திலேயே வளர்ந்தவனுக்கு, கடிகாரத்தைப் பார்த்து எழுதுவது என்பதே தெரிந்திருக்கவில்லை. தேர்வு எழுதும் திறமை சில மாதங்களில் வந்துவிட்டது. சண்டை போட்டவனோடு மறுநாள் அதே பெஞ்சில் உட்காரும் பழக்கம் வரத்தான் ஆண்டுகள் பிடித்தன. எங்கள் வீட்டுக்கு உறவுப் பிள்ளைகள் வருவார்கள், பக்கத்து வீட்டாரோடு விளையாடுவேன். ஆகவே நான் தனியாக வளர்ந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. என்றாலும் வந்து போகிறவர்களோடு பழகுவதும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஆண்டு முழுவதும் அதே முப்பது பேரோடு இருப்பதும் ஒன்றல்ல. மகளை நிறுத்துவதாக இருந்தால், வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது அதே பிள்ளைகளை அவள் தொடர்ந்து சந்திக்கும்படி பாட்டு வகுப்போ, விளையாட்டுக் குழுவோ, எதுவாயினும் ஏற்பாடு செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் தம் தந்தையிடமே படித்தவர்; மூன்று வயதில் கிரேக்கமும் எட்டு வயதில் இலத்தீனும் கற்கத் தொடங்கினார்; தம் தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லும் பொறுப்பும் அவர் மேல் விழுந்தது. அறிவு என்ற அளவில் அந்தக் கல்வி வெற்றிதான். ஆனால் இருபது வயதில் அவர் ஆழ்ந்த மனச்சோர்வில் விழுந்தார். எதையும் ஆராய்ந்து பிரிக்கும் பழக்கம் உணர்ச்சிகளை வறளச் செய்துவிட்டது என்று தம் தன்வரலாற்றில் அவரே காரணம் தேடுகிறார். தந்தையிடம் அன்பைவிட அச்சமே மிகுந்திருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். என் தந்தை அத்தகையவர் அல்லர். இருந்தும், பகலில் என் கட்டுரையைத் திருத்தியவரிடம் இரவில் போய், 'எனக்கு இந்தப் பாடமே பிடிக்கவில்லை, அப்பா' என்று சொல்ல எனக்கு நா எழுந்ததில்லை. மற்றப் பிள்ளைகள் ஆசிரியரைப் பற்றி வீட்டில் வந்து குறை சொல்லலாம். நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? ஆகவே உங்களில் ஒருவர் கற்பித்தால், மற்றவர் பாடத்தைப் பற்றி வாயே திறக்காதவராக இருங்கள். அவளுக்கு முறையிட ஓர் இடம் வேண்டும்.

மறுமொழி 4: சட்டம் படித்தவர்

ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் பலர் பிள்ளையை நிறுத்திய பிறகுதான் இதைக் கேட்கிறார்கள். நீங்கள் வசிக்கும் நாட்டின் சட்டத்தை முதலில் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பேரறிக்கை, பிள்ளைக்கு எவ்வகைக் கல்வி என்பதைத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை பெற்றோருக்கு உண்டு என்கிறது. ஆனால் நாடுகள் அதை ஒரே மாதிரி நடைமுறைப்படுத்தவில்லை. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்விக்கு அனுமதி உண்டு, விதிகள்தாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பின்லாந்தில் கற்பதுதான் கட்டாயம், பள்ளிக்குச் செல்வது அன்று. உள்ளாட்சி அமைப்பு பிள்ளையின் முன்னேற்றத்தைக் கண்காணிக்கும். பிரான்சில் முன்பு அறிவித்தால் போதும் என்றிருந்தது, 2022 முதல் முன் அனுமதி பெற வேண்டும். ஜெர்மனியில் பள்ளிக்கு அனுப்புவதே கட்டாயம். பிள்ளைகளை வீட்டிலேயே கற்பித்த பெற்றோரிடமிருந்து அவர்களைச் சில வாரங்கள் பிரித்து வைத்த நடவடிக்கை உரிமை மீறல் ஆகாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. சான்றிதழ் பற்றியும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். தனித்தேர்வராக எந்த வயதில், எந்த வாரியத்தில் தேர்வு எழுதலாம், அந்தச் சான்றைக் கல்லூரிகள் ஏற்குமா என்பவை பதினைந்து வயதில் கேட்க வேண்டிய கேள்விகள் அல்ல.

கேட்டவர் மீண்டும் எழுதுகிறார்

உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நானும் கணவரும் எல்லா மறுமொழிகளையும் சேர்ந்து உட்கார்ந்து இருமுறை படித்தோம். ஆசிரியர் ஐயா சொன்னபடி கண், காது பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டோம். மகளை உடனடியாக நிறுத்தப் போவதில்லை. நாள்தோறும் இருபது நிமிடம் ஒலிகளைக் கூட்டி வாசிக்கப் பழக்குவது, நீண்ட விடுமுறையில் ஆறு வாரம் ஒரு திட்டம் வகுத்துக் கற்பித்துப் பார்ப்பது, அந்த ஆறு வாரத்தின் முடிவில் வெளியார் ஒருவரைக் கொண்டு அவளைச் சோதிக்கச் சொல்வது என்று முடிவு செய்திருக்கிறோம். கற்பிப்பது நான், முறையீடு கேட்பது கணவர். அவர் அதற்கு மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்.

ஒன்பது ஆண்டுகள் கற்பித்த சகோதரியிடம் ஒன்று கேட்க வேண்டும். நேற்று மாலை முதல் இருபது நிமிடம் உட்கார்ந்தோம். மூன்றாவது சொல்லிலேயே மகள் என் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். நீங்கள் அதை எப்படி மாற்றினீர்கள்?

மறுமொழி 1 எழுதியவர்

எதிரில் உட்காருவதை முதலில் விட்டேன். அவளுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் படும்படி, இருவரும் தாளையே பார்க்கும் வகையில் உட்கார்ந்தேன். ஆனால் அது பாதி மருந்துதான். திரும்பிப் பார்க்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சரியா தவறா என்று சொல்லும் வேலையையே நான் கைவிட்ட பிறகுதான் மாற்றம் வந்தது. கழித்தல் என்றால், வந்த விடையையும் கழித்த எண்ணையும் கூட்டிப் பார்த்து, முதல் எண் வருகிறதா என்று அவளே சரிபார்க்க வேண்டும். சொல்வதை எழுதுவது என்றால், புத்தகத்தைத் திறந்து தன் எழுத்தோடு தானே ஒப்பிட வேண்டும். 'சரியா, அம்மா?' என்று கேட்டால், 'எப்படிக் கண்டுபிடிப்பாய்?' என்று மட்டும் திருப்பிக் கேட்பேன். முதல் இரண்டு வாரம் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நான் உதவ மறுக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். உங்கள் மகள் இப்போதுதான் வாசிக்கத் தொடங்குகிறாள் என்பதால், சொல்லை ஒரு பக்கமும் அதற்குரிய படத்தை மறுபக்கமும் வைத்த அட்டைகள் செய்துகொடுங்கள். படித்து முடித்துவிட்டுத் தானே திருப்பிப் பார்த்துக்கொள்வாள்.

எங்கள் வீட்டில் இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு நாள் காலை நான் ஜன்னல் ஓரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் கணக்கை எழுதினாள், கூட்டிப் பார்த்தாள், ஒரு இலக்கத்தை அழித்தாள், மறுபடி கூட்டினாள். தனக்குத்தானே 'ம், வந்துடுச்சு' என்று சொல்லிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.